ஊசிப் போதையால் எச்.ஐ.வி. வரும், சரி. காசநோய் ஏன் கூடவே வருகிறது?

கேட்டவர் ஓசூர்க்காரர். நான் கிருஷ்ணகிரி. நம் பக்கம் எச்.ஐ.வி. பெரும்பாலும் உடலுறவு வழியாகப் பரவியதுதான். மிசோரம், மணிப்பூர் பக்கம்தான் ஊசிக்குப் பெரிய பங்கு. இந்தியாவில் வயது வந்தோரில் எச்.ஐ.வி. சுமார் 0.2 சதவீதம். ஊசிப் போதை எடுப்பவர்களிடம் 2021 கண்காணிப்பில் 9 சதவீதம்.

காசநோய் ஊசியால் பரவாது, இருமும்போது காற்றில் பரவுகிறது. ஆனால் ஊசி போடும் இடத்தை நினைத்துப் பாருங்கள்: ஜன்னல் சாத்திய சின்ன அறை, நாலைந்து பேர். நரம்பில் இறங்கியதா என்று பார்க்க பிஸ்டனைப் பின்னால் இழுப்பார்கள், ரத்தம் குழாய்க்குள் வரும். அதே சிரிஞ்சு அடுத்தவர் கைக்குப் போகிறது. பக்கத்தில் ஒருவர் இருமுகிறார். ஒரே அறையில் இரண்டு கிருமிக்கும் வழி.

நம்மில் பலர் உடம்பில் காசநோய்க் கிருமி தூங்கிக்கொண்டுதான் இருக்கும். நோயாக மாறும் வாய்ப்பு ஆயுள் முழுக்க 5 முதல் 10 சதவீதம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் எச்.ஐ.வி. இருந்து, அதற்கு மருந்தும் எடுக்காவிட்டால், ஒவ்வோர் ஆண்டும் கிட்டத்தட்ட அதே அளவு.

பலர் கவனிக்காத சிக்கல் ஒன்று: போதைக்கு மாற்றாகத் தரும் மெத்தடோனின் அளவை, காசநோய் மாத்திரை ரிஃபாம்பிசின் ரத்தத்தில் குறைத்துவிடும். போதை கிடைக்காதபோது வரும் உடம்பு வலி, நடுக்கம், தூக்கமின்மை திரும்பும். ஆள் காசநோய் மாத்திரையையே நிறுத்திவிடுவார். அவரைப் 'பொறுப்பில்லாதவன்' என்று திட்டுவது அநியாயம். மருத்துவரிடம் சொன்னால் மெத்தடோன் அளவை மாற்றித் தருவார்.

எச்.ஐ.வி. பரிசோதனைக்கு அரசு மருத்துவமனை நம்பிக்கை மையம் போதும், இலவசம். எச்.ஐ.வி. உதவி எண் 1097-க்கும் அழைக்கலாம்.