இருபது வினாடிக்கு ஒரு மேட்டூர்

அன்புள்ள ஐயா,

தென்துருவக் கடல் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். எனக்கு வயது 61, சேலம் மாமாங்கத்துக்காரன். வாழ்நாளில் கடலை மூன்று முறைதான் பார்த்திருக்கிறேன், மூன்றும் ராமேஸ்வரத்தில். துருவக் கடல் என்றால் பனிக்கட்டி மிதக்கும் குளிர்ந்த தண்ணீர், அவ்வளவுதானே? அதற்கு ஏன் இத்தனை பக்கம்? இன்னொன்று, 2048இல் ஒப்பந்தம் முடிந்ததும் அங்கே கனிமம் தோண்ட எல்லா நாடுகளும் காத்திருப்பதாக வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா? வெள்ளைக்கல் சுரங்கப் புழுதியில் வளர்ந்தவன் என்பதால் கேட்கிறேன்.

ரா., சேலம்

அன்புள்ள ரா.,

வடதுருவத்தில் இருப்பது நிலம் சூழ்ந்த கடல். தெற்கே கடல் சூழ்ந்த நிலம். மற்றதெல்லாம் இந்த வித்தியாசத்திலிருந்தே வருகிறது. தென்துருவக் கடலில் உலகைச் சுற்றிவரும் நீரைத் தடுக்க ஒரு கரைகூடக் குறுக்கே இல்லை. தென் அமெரிக்காவின் நுனிக்கும் அண்டார்க்டிகாவுக்கும் நடுவிலுள்ள டிரேக் நீரிணைதான் இருப்பதிலேயே குறுகலான வாசல். அதுவே ஏறத்தாழ 800 கிலோமீட்டர். மேற்கிலிருந்து ஓயாமல் காற்று தள்ள, நீர் கிழக்கு நோக்கிச் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

எவ்வளவு நீர்? குறைத்துச் சொன்னாலும் வினாடிக்கு 13 கோடி கன மீட்டர். சேலத்துக்காரரிடம் டி.எம்.சி.யில் பேசுவதுதான் முறை என்பதால் மாற்றிப் பார்த்தேன். வினாடிக்கு நாலரை டி.எம்.சி.! 120 அடி நிரம்பிய மேட்டூர் அணையில் இருப்பது 93.47 டி.எம்.சி. இருபது வினாடிக்கு ஒரு மேட்டூர் அந்த வாசலைக் கடந்து போகிறது. 2018இல் உச்ச நீதிமன்றம் காவிரியில் நமக்கு ஓர் ஆண்டு முழுவதற்கும் ஒதுக்கிய 177.25 டி.எம்.சி. அங்கே நாற்பது வினாடிக் கணக்கு. நம்பிக்கை வராமல் இரண்டாம் முறையும் கணக்குப் போட்டேன்.

இந்த ஓட்டம்தான் அண்டார்க்டிகாவுக்கு வேலி. வெப்பக் கடல்களின் நீர் எளிதில் உள்ளே வர முடியாது. ஏற்காடு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போயிருப்பீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் காற்று சட்டென்று மாறும். கை தானாக மேல் பொத்தானைத் தேடும். தெற்கே போகும் கப்பலுக்கும் அப்படி ஓர் இடம் உண்டு. கொஞ்ச தூரத்துக்குள் கடல்நீரின் வெப்பம் இரண்டு மூன்று டிகிரி இறங்கிவிடும். தெற்கின் குளிர்நீர், வடக்கின் சற்றே இளஞ்சூடான நீருக்கு அடியில் புகுந்து மறையும் எல்லை அது. அதற்குத் தெற்கே ஆழ்கடல் நீர் மேலெழுந்து சத்துகளைக் கொண்டுவருகிறது. கோடையில் நீண்ட பகல் வெயில் வேறு. கண்ணுக்குத் தெரியாத பாசிகள் பெருகுகின்றன.

பனிக்கட்டியையும் சாதாரணமாக நினைக்க வேண்டாம். பிப்ரவரியில் சுமார் 30 லட்சம் சதுர கிலோமீட்டராக, இந்தியாவைவிடச் சற்றுச் சிறிதாக இருக்கும் கடற்பனி, செப்டம்பருக்குள் சுமார் 1.8 கோடியாகிவிடும். ஆண்டுதோறும் ஐந்து இந்தியாவை விரித்துச் சுருட்டும் பாய். 2023 செப்டம்பரில் அது 1.7 கோடியைக்கூட எட்டவில்லை. 1979இல் செயற்கைக்கோள் பதிவு தொடங்கிய பிறகு குளிர்காலத்தில் அவ்வளவு குறைந்தது அதுவே முதல் முறை.

இனி உங்கள் கனிமக் கேள்வி. இருக்கிறதா என்றால், இருக்கிறது. உங்கள் சேர்வராயன் மலை சார்னோக்கைட் என்ற பாறையால் ஆனது. அண்டார்க்டிகாவின் கிழக்குப் பகுதியிலும் அதே வகைப் பாறை உண்டு. தென் கண்டங்கள் ஒரே நிலமாக இருந்த கோண்டுவானாக் காலத்தில் இந்தியாவின் கிழக்குக் கரையும் அந்தக் கரையும் ஒட்டியிருந்தன. சேலமே ஒட்டியிருந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது மிகை. கஞ்சமலையில் இரும்புத்தாது இருப்பதுபோல அங்கே பிரின்ஸ் சார்லஸ் மலைகளிலும் இருக்கிறது.

ஆனால் 1991இல் மாட்ரிட் நகரில் கையெழுத்தாகி 1998இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை, தென் அட்சரேகை 60 டிகிரிக்குத் தெற்கே, ஆராய்ச்சிக்குத் தவிர, கனிமத்தைத் தொடக்கூடாது என்கிறது. 2048இல் அது காலாவதியாவதில்லை. அதற்குப் பிறகு, முடிவெடுக்கும் உரிமையுள்ள எந்த நாடும் மறுபரிசீலனை கேட்கலாம், அவ்வளவே. தடையை நீக்க வேண்டுமானால் சுரங்கத்தைக் கட்டுப்படுத்தும் வேறொரு சட்ட ஏற்பாடு முதலில் நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பியவருக்கு இதைத் திருப்பி அனுப்புங்கள்.

அங்கிருந்து இப்போது எடுக்கப்படுவது கல் அல்ல. கருவாட்டுக் கடையில் குவியலாகக் கிடக்கும் காய்ந்த கூனியைப் பார்த்திருப்பீர்களே, அதைப் பெரிதாக்கி, ஆறு சென்டிமீட்டர் நீளத்தில், கண்ணாடி உடம்பும் கறுத்த கண்ணுமாகக் கற்பனை செய்யுங்கள். அதுதான் கிரில். குளிர்காலத்தில் அதன் குஞ்சுகள் கடற்பனியின் அடிப்பரப்பில் ஒட்டிய பாசியைச் சுரண்டித் தின்று பிழைக்கின்றன. பெங்குவின், சீல், நீலத் திமிங்கலம் எல்லாவற்றுக்கும் அதுவே சோறு. இருபதாம் நூற்றாண்டில் தென் அரைக்கோளத்தில் மட்டும் 20 லட்சம் திமிங்கலங்களைக் கொன்று தீர்த்தார்கள். பிறகு அவற்றின் சோற்றுக்கும் வலை போட்டார்கள். பிடிபடும் கிரில் மீன் பண்ணைத் தீவனத்துக்கும் எண்ணெய் மாத்திரைக்கும் போகிறது. அட்லாண்டிக் பக்கத்துப் பகுதிக்கு ஆண்டுக்கு 6.2 லட்சம் டன் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அங்குள்ள மொத்தக் கிரிலோடு ஒப்பிட்டால் அது சிறிய அளவுதான். ஆனால் கப்பல்கள் கிரில் திரளும் அதே கரையோரங்களுக்குத்தான் வருகின்றன, பெங்குவின்களும் குஞ்சுக்கு இரை தேடி அங்கேதான் நீந்துகின்றன.