பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறையிலிருந்து சித்தூருக்கு வீடு மாற்றுவது பற்றி

வீட்டுச் சாமான் மாற்றித் தரும் கம்பெனிக்காரர்கள் போனிலேயே ஒரு தொகை சொல்லி, முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கொடுக்காதீர்கள் சார். வீட்டைப் பார்க்காமல் சொல்லும் ரேட், லோடு ஏற்றிய பிறகு கூடிவிடும். நேரில் வரச் சொல்லுங்கள். முடியாவிட்டால் வீடியோ காலில் பரண் வரைக்கும் காட்டுங்கள். எந்த மாடி, வண்டி வாசல் வரை வருமா, கட்டிலைக் கழற்றி மாட்டுவது யார், அட்டைப்பெட்டிக்குத் தனிக் காசா, எல்லாம் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வரட்டும். சின்ன அட்வான்ஸ் போதும், மீதி இறக்கி முடித்த பிறகு. வண்டிக்கு, வாடகை வண்டிக்கான மஞ்சள் நம்பர் பிளேட் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

புது வீட்டு வாசலில் சுமட்டுத் தொழிலாளர்கள் (சுமை ஏற்றி இறக்குபவர்கள்) வந்து காசு கேட்பார்களோ என்ற உங்கள் பயம் நியாயமானதுதான். ஆனால் வேலை செய்யாமல் வாங்கும் நோக்குகூலியைக் கேரள அரசு 2018 மே 1 முதல் தடை செய்துவிட்டது. வீட்டுச் சாமான்களை உங்கள் ஆட்களே இறக்கலாம். வாக்குவாதம் வேண்டாம், மிரட்டினால் போலீசுக்கோ லேபர் ஆபீசுக்கோ சொல்லுங்கள். அப்படி ஏதாவது வந்தால் யார் பொறுப்பு என்பதைக் கம்பெனியிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

அப்புறம், பிரிட்ஜை முந்தின நாளே அணைத்து, ஐஸ் உருகியதும் துடைத்துவிடுங்கள். நிமிர்த்தியே கொண்டுபோகட்டும். நகை, பத்திரம், ரேஷன் கார்டு எல்லாம் உங்கள் கைப்பையில் இருக்கட்டும், லாரியில் ஏற்ற வேண்டாம்.