கடலுயிர்களிடம் புற்றுநோய் மருந்து எப்படி வந்தது?

கடற்பஞ்சு, அசிடியன் (பை போன்ற உடலுள்ள சிறு கடல் விலங்கு) போன்ற முதுகெலும்பில்லாத கடலுயிர்கள் புற்றுநோயை எதிர்க்கும் பொருளை ஏன் உண்டாக்குகின்றன என்று பலர் கேட்கிறார்கள். அவற்றுக்கு அது மருந்தல்ல, தற்காப்பு நஞ்சு. பாறையிலோ வேரிலோ ஒட்டியே வாழ்பவை. தப்பி ஓட முடியாது, கெட்டியான ஓடும் கிடையாது. கடிக்க வரும் மீனை விரட்ட நஞ்சுதான் வழி. எருக்கஞ்செடியில் மாடு வாய் வைக்காததற்கு அதன் பால் காரணம் இல்லையா, அதே கதைதான்.

கரீபியக் கடலோர அலையாத்தி வேர்களில் ஆரஞ்சு நிறத்தில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் ஓர் அசிடியன் உண்டு. வியப்பு என்னவென்றால், நஞ்சைத் தயாரிப்பது அதன் உடலுக்குள் குடியிருக்கும் பாக்டீரியா. வாடகைக்குப் பதில் காவல் பார்க்கும் குடித்தனக்காரர் மாதிரி! அந்த நஞ்சு டிஎன்ஏவில் ஒட்டிக்கொண்டு செல் பிரிவதைத் தடுக்கிறது. புற்றுச்செல்கள் ஓயாமல் பிரிபவை. அதனால் அவை பலமாக அடிவாங்கும். இந்த நஞ்சுதான் ட்ராபெக்டெடின் என்ற மருந்து. தசை, கொழுப்பு போன்ற மென்திசுக்களில் வரும் புற்றுக்கு 2007-இல் ஐரோப்பாவிலும் 2015-இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. ஒரு கிராம் எடுக்க ஏறத்தாழ ஒரு டன் அசிடியன் வேண்டும் என்பதால், அப்புறம் வேறொரு பாக்டீரியா தரும் பொருளிலிருந்து ஆலையிலேயே செய்யத் தொடங்கினார்கள்.

சரி, இவற்றைப் பிடித்துச் சாப்பிட்டால் புற்று குணமாகுமா? ஆகாது, பிரித்தெடுத்து, மில்லிகிராம் கணக்கில் அளந்து, ரத்தக்குழாய் வழியே ஏற்றினால்தான் அது மருந்து.