கேள்வி நேரம்: ஸ்மார்ட் போர்டு வந்தாச்சு, குறிக்கோள் என்ன எழுதுவது?

எங்கள் நடுநிலைப் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டும் இணைய இணைப்பும் வந்துவிட்டன. இந்தக் கல்வியாண்டில் இணையத்தை வகுப்பில் எப்படிப் பயன்படுத்தப் போகிறேன் என்று குறிக்கோள்களை ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொல்கிறார் தலைமை ஆசிரியர். நான் எடுப்பது அறிவியலும் சமூக அறிவியலும். என்ன எழுதட்டும்?
– ஓர் ஆசிரியை, தென்காசி மாவட்டம்

ஃபைலில் வைக்க மட்டும்தான் என்றால் 'மாணவர்களை 21-ஆம் நூற்றாண்டுத் திறன்களுக்குத் தயார்ப்படுத்துதல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள், யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். உங்களுக்கே உதவ வேண்டும் என்றால் கொஞ்சம் வேலை இருக்கிறது. 'வாரம் மூன்று நாள் ஸ்மார்ட் போர்டு பயன்படுத்துவேன்' என்பது குறிக்கோள் ஆகாது, அது கரண்ட் பில் கணக்கு. போர்டு ஓடியது, பிள்ளைக்கு என்ன வந்தது? அதனால் ஒவ்வொரு வரியையும் பிள்ளையை வைத்துத் தொடங்குங்கள்: பாடம் முடியும்போது அந்தப் பிள்ளையால் எதைச் செய்ய முடியும், அதற்கு இணையம் இல்லாமல் முடியாதா? முடியும் என்றால் அங்கே கரும்பலகையே போதும்.

மின்சாரப் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பாடப்புத்தகத்தில் பாடத்தின் கடைசியில் 'இணையச் செயல்பாடு' என்று ஒரு பக்கம் வருகிறதே, பலர் புரட்டிவிட்டுப் போகிற பக்கம், அதில் அடிக்கடி தலைகாட்டுவது, திரையிலேயே சோதனை செய்து பார்க்கவிடும் ஃபெட் (PhET) என்ற தளம். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், இயற்பியலில் நோபல் பரிசு வாங்கிய கார்ல் வீமன் 2002-ல் தொடங்கியது, தமிழிலும் பல பாடங்கள் இருக்கின்றன, காசு கிடையாது. அதில் மின்சுற்று கட்டும் பகுதியில் பேட்டரி, பல்பு, வயர் எல்லாம் இழுத்துப் போடலாம், கூடவே நாணயம், ரப்பர், பென்சில், ஒரு நாய்கூட இருக்கிறது! (நாயைச் சுற்றில் மாட்டிப் பார்க்காமல் எந்த வகுப்பும் அடங்காது, முதலிலேயே விட்டுவிடுங்கள்.) பல்பே இல்லாமல் வயரை மட்டும் பேட்டரியின் இரு முனைக்கும் இழுத்தால் திரையில் தீப்பிடிக்கும். குறுக்குச்சுற்று என்ற சொல்லை வரையறையாக எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யவைத்த நமக்கு அந்த ஒரு நொடி பெரிய உதவி, நிஜத்தில் செய்துகாட்ட யாருக்கும் துணிவு வராது.

ஆனால் நீங்களே போர்டின் முன் நின்று எல்லாவற்றையும் இழுத்துக் காட்டிவிட்டால் அது டிவி பார்த்த கதைதான். தொடரிணைப்பில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, இன்னொரு பல்பு சேர்த்தால் வெளிச்சம் கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா என்று முதலில் நோட்டில் எழுதச் சொல்லுங்கள், எழுதி முடித்த பிறகுதான் யாராவது ஒரு பிள்ளை வந்து இணைக்க வேண்டும். தப்பாக எழுதியவர்களின் முகத்தைப் பாருங்கள், பாடம் அங்கேதான் நடக்கிறது. அப்புறம் மறக்காமல் நிஜ பேட்டரியும் பல்பும் கொடுங்கள், ஏனென்றால் திரையில் வயர் எப்போதும் ஒழுங்காக ஒட்டிக்கொள்ளும், கையில் செய்யும்போதுதான் முனை துருப்பிடித்திருக்கும், விரல் நழுவும், பல்பு மினுக்கி மினுக்கி அணையும்.

சமூக அறிவியலுக்கு உங்கள் மாவட்டமே அருமையான பாடம். 'தென்காசி மாவட்ட மக்கள்தொகை, 2011' என்று தேடச் சொல்லுங்கள், எண் வந்து விழும். இப்போது கேளுங்கள்: தென்காசி தனி மாவட்டமானது 2019-ல், கடைசியாக மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது 2011-ல், அப்போது தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள்தான், நீங்கள் திருநெல்வேலிக்குள் இருந்தீர்கள். பிறகு இந்த எண்ணை யார் எண்ணினார்கள்? வட்டங்களின் கணக்கைக் கூட்டி எடுத்தது என்று பிள்ளைகள் கண்டுபிடிக்க ஒரு பீரியட் ஆகும், ஆகட்டும். தமிழ் விக்கிப்பீடியா கட்டுரையைத் திறந்து கீழே மேற்கோள் எங்கே போகிறது, அந்த எண்ணை யார் எப்போது மாற்றினார்கள் என்று வரலாற்றுப் பக்கத்தில் பார்க்கவையுங்கள். தளங்களுக்குள் எண் வேறுபட்டால் இன்னும் நல்லது, சண்டை போட்டுக் கற்றுக்கொள்வார்கள். இதற்கான குறிக்கோளை இப்படி எழுதலாம்: 'அரையாண்டுத் தேர்வுக்குள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு தகவலை இரண்டு இடங்களில் சரிபார்த்து, எதை நம்பினோம், ஏன் நம்பினோம் என்று நான்கு வரி எழுதுவார்கள்.' எழுதினார்களா இல்லையா என்பது அரையாண்டில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

இன்னொன்று, நெட் போகும். அதுவும் மேலதிகாரி பார்வையிட வரும் நாளில் கண்டிப்பாகப் போகும். ஃபெட் பாடங்களைக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளலாம், விக்கிப்பீடியாவையே கிவிக்ஸ் என்ற செயலி வழியாக இணையமில்லாமல் படிக்கலாம் (வரலாற்றுப் பக்கம் மட்டும் அதில் வராது). முந்தின நாளே இணைப்புகளைத் திறந்து பாருங்கள், அசையும் படங்களை உலாவியில் ஓட்டிய ஃபிளாஷ் என்ற மென்பொருள் 2020 கடைசியில் நிறுத்தப்பட்டதில் பழைய தளங்கள் பல செத்துப்போய்க் கிடக்கின்றன. மொத்தம் மூன்று குறிக்கோளுக்கு மேல் எழுதாதீர்கள். ஒரு பக்கம் நிரம்பவில்லை என்று தலைமை ஆசிரியர் சொன்னால் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள்.

அறிவியல், கணக்குக்கு ஆயிரம் தளம் இருக்கிறது. தமிழாசிரியர் நான் வகுப்பில் இணையத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? காணொளியில் செய்யுளைப் பாடவிட்டுக் கேட்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.
– ஒரு தமிழாசிரியர், விழுப்புரம்

ஐயா, உங்களிடம்தான் நல்ல சரக்கு இருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதல் பிற்காலம் வரை மின்னூலாகக் கிடக்கிறது, இலவசம். ஒரு நூலைத் திறந்து, பிள்ளைகளை 'கடல்' என்று தேடச் சொல்லுங்கள். சில இடங்கள் வரும். கடற்கரையும் கடலோரமும் அந்த நூலில் இருந்தாலும் வராது. ஏன் வரவில்லை என்று கேட்டுவிட்டுச் சும்மா நில்லுங்கள். ல் திரிந்து ற் ஆனதும், ல் மேல் ஓகாரம் ஏறி லோ ஆனதும் கணினிக்குத் தெரியாது, சொற்கள் சேரும்போது எழுத்து மாறும் புணர்ச்சி இலக்கணம் தெரிந்த பிள்ளைக்குத் தெரியும். 'கடன்மல்லை' (கடல் + மல்லை, அதாவது மாமல்லபுரம்) என்று ஆழ்வார் பாடல்களில் வருவதைக் காட்டினால் யாருடைய கடன் என்று ஒருவன் நிச்சயம் கேட்பான், மாமல்லபுரம் வரை பேசலாம். புணர்ச்சி விதிகளை இதைவிடச் சுலபமாக உள்ளே இறக்க எனக்கு வழி தெரியவில்லை. தட்டச்சுப் பிழை இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பழைய அச்சுப் பதிப்பின் பக்கங்களே படமாக இருக்கின்றன, இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள், எழுத்துப்பிழை பார்க்கும் பழக்கமும் வந்துவிடும்.

மகள் ஏழாவது படிக்கிறாள். வீட்டுப்பாடம் எல்லாம் வாட்ஸப்பில்தான் வருகிறது. வீட்டில் ஒரே போன், அதையும் அவள் அப்பா வேலைக்கு எடுத்துப் போய் இரவு ஒன்பது மணிக்குத்தான் திரும்புவார். டீச்சரிடம் சொன்னால் 'மற்ற பிள்ளைகள் எல்லாம் செய்துவிடுகிறார்களே' என்கிறார்.
– ஒரு தாய், திருப்பூர்

மற்ற பிள்ளைகள் எல்லாரும் செய்வதில்லை, சிலர் காலையில் வகுப்பு வாசலில் வைத்துப் பார்த்து எழுதுகிறார்கள், அவ்வளவுதான். தப்பு உங்கள் மேல் இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், டீச்சரைக் குறை சொல்லாமல், இரண்டே விஷயம் கேளுங்கள்: வீட்டுப்பாடம் வகுப்பிலேயே நோட்டில் எழுதப்பட வேண்டும், இணையம் தேவைப்படும் வேலை பள்ளிக் கணினியில் பள்ளி நேரத்திலேயே முடிய வேண்டும். வாட்ஸப் விதிப்படி 13 வயது ஆகாத பிள்ளை கணக்கே வைத்திருக்கக் கூடாது என்பதையும் சொல்லிவையுங்கள். அவளுக்கென்று தனியாகப் போன் வாங்கித் தரக் கடன் வாங்காதீர்கள்.

கட்டுரை எழுதச் சொன்னால் ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் ஏஐயிடம் (செயற்கை நுண்ணறிவு) வாங்கி வந்துவிடுகிறார்கள். தடுப்பது எப்படி?
– ஓர் ஆசிரியர், சேலம்

தலைப்பை மாற்றுங்கள். 'நீரின் அவசியம்' என்று கொடுத்தால் ஏஐ மட்டுமல்ல, கடையில் விற்கும் நோட்ஸும் எழுதித் தரும். 'எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வரும் நேரமும் அங்கே நடக்கும் பேச்சும்' என்று கொடுத்துப் பாருங்கள், முதல் வரைவை வகுப்பில் உட்கார்ந்து கையால் எழுதட்டும்.