வாசகர் கேள்வி பதில்: கிணற்று உவரும் கணினி மாதிரியுருவும்

கேள்வி: யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதியில் நிலத்தடி நீர் உவராவதைக் கணினி மாதிரியுரு மூலம் ஆராய்வதுதான் என் இறுதியாண்டுச் செயற்றிட்டம். முதலில் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து வரும்படி மேற்பார்வையாளர் சொல்லியிருக்கிறார். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்கொலரில் தட்டினால் வந்து குவிகின்றன. எங்கே தொடங்குவது?
மாணவி, கொக்குவில்

பதில்: தேடற்சொல்லில் தொடங்குங்கள். எத்தனை இலட்சம் முடிவுகள் என்று காட்டினாலும் கூகுள் ஸ்கொலர் முதல் 1,000க்கு மேல் பார்க்க விடாது. 'சிமுலேஷன்' என்று மட்டும் தட்டினால் தாதியர் பயிற்சியும் விமானி பயிற்சியும் சேர்ந்தே வரும். சொற்களைப் பொருள், முறை, இடம் என்று மூன்று கட்டாகப் பிரியுங்கள். கடல்நீர் உட்புகுவதை ஆங்கிலத்தில் 'சீவோட்டர் இன்ட்ரூஷன்', 'சோல்ட்வோட்டர் இன்ட்ரூஷன்', 'சலைன் இன்ட்ரூஷன்' என்று மூன்று விதமாக எழுதுகிறார்கள். இடையே 'அல்லது' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லான 'OR' போட்டு மூன்றையும் தேட வேண்டும். முறைக்கு மொட்ஃப்லோ, சீவாட், சூட்ரா என்ற நிலத்தடி நீர் மாதிரியுரு மென்பொருட்களின் பெயர்களைக் கொடுங்கள். 'மொடலிங்' என்பதில் பிரித்தானியர் இரண்டு 'எல்' போடுவர், அமெரிக்கர் ஒன்றோடு விடுவர். வலிகாமத்தை 'கே' போட்டும் எழுதுகிறார்கள், 'ஜி' போட்டும் எழுதுகிறார்கள். ஓர் எழுத்தால் நல்ல கட்டுரை கை நழுவிவிடும்.

யாழ்ப்பாணத்தைப் பற்றி மட்டும் தேடி நின்றுவிடாதீர்கள். நமது அடித்தளம் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். நிலாவரைக் கிணற்றில் போல உள்ளே குடைவுகள் கொண்டது. புளோரிடாவிலும் மெக்சிகோவின் யுகடான் பகுதியிலும் கடலோரச் சுண்ணாம்புக்கல் நீர்த்தாங்கிகள் (நிலத்தடி நீரைத் தாங்கும் பாறைப் படைகள்) இருக்கின்றன. அங்கு செய்த வேலைகளும் வேண்டும். நல்ல கட்டுரை ஒன்று கிடைத்ததும் அதன் உசாத்துணைப் பட்டியலில் பின்னோக்கிப் போங்கள். பிறகு அதை மேற்கோள் காட்டிய பிந்தைய கட்டுரைகளைக் காட்டும் 'சைட்டட் பை' என்பதை அழுத்தி முன்னோக்கி வாருங்கள்.

இனி வாசிப்பு. பெரும்பாலான தொகுப்புகள் கெட்டுப்போவது இங்கேதான். 'இன்னார் இன்ன ஆண்டில் மொட்ஃப்லோ பாவித்தார்' என்று வரிசையாக அடுக்கினால் அதனால் ஒரு பயனும் இல்லை. ஒவ்வொரு கட்டுரைக்கும் எக்செல்லில் ஒரு வரி ஒதுக்குங்கள்: மென்பொருளும் பதிப்பும், மாதிரியுரு நிலத்தைப் பிரிக்கும் கட்டத்தின் அளவு, நிலப் படைகளின் எண்ணிக்கை, கடலோர எல்லையில் கொடுத்த நிபந்தனை, மழையில் எத்தனை வீதம் நிலத்துக்குள் இறங்குவதாக எடுத்தார்கள், எந்த மாதங்களின் அளவீட்டால் சரிசெய்தார்கள், எந்த மாதங்களால் சோதித்தார்கள். கடைசி இரண்டும் ஒரே மாதங்களாக இருந்தால் அந்த மாதிரியுரு சோதிக்கப்படவே இல்லை. சிவப்பால் குறித்து வையுங்கள்.

கட்ட அளவைச் சும்மா கடந்து போகாதீர்கள். கட்டம் 500 மீற்றர் என்றால், ஒரு தோட்டக் கிணற்றில் மோட்டார் ஓடும்போது அதன் அடியில் உவர் கூம்பாக எழும்புவது அதில் தெரியாது. அத்தோடு, வழமையான மொட்ஃப்லோ பாறையை மணல் போன்ற நுண்துளை ஊடகமாக எடுத்துக்கொள்கிறது. குடைவு வழியே விரைந்து ஓடும் நீருக்கு அந்த எடுகோள் பொருந்தாது. அதைக் கட்டுரையாளர் ஒப்புக்கொண்டாரா என்று பாருங்கள்.

சில கட்டுரைகள் 1964இல் வந்த ஹென்றி கணக்கை (கடல்நீர் உட்புகுவது பற்றிய, விடை தெரிந்த ஒரு மாதிரிக் கணக்கு) தீர்த்துக் காட்டி 'மாதிரியுரு உறுதிப்பட்டது' என்று எழுதும். அது மென்பொருள் கணக்கைச் சரியாகச் செய்கிறது என்பதற்கு மட்டுமே சான்று. சுன்னாகத்துக் கிணற்றின் உவரைச் சரியாகச் சொல்லும் என்பதற்கு அது சான்றாகாது. மாதிரியுருவின் விடை அளவீட்டோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் நாஷ்–சட்கிளிஃப் குறியீட்டிலும் கவனம் தேவை. 1 என்றால் முழுப் பொருத்தம். 0 என்றால் சராசரியைச் சொல்வதை விட மேல் இல்லை. நமது கிணறுகள் மாரியில் ஏறிக் கோடையில் இறங்குபவை. அந்த ஏற்ற இறக்கத்தைப் பின்பற்றும் எந்த மாதிரியுருவும் இந்தக் குறியீட்டில் இலகுவாக நல்ல புள்ளி எடுத்துவிடும். ஆகவே மீற்றரில் எவ்வளவு பிழை என்றும் கேளுங்கள். கடல்மட்டத்துக்கு மேல் நிற்கும் 1 மீற்றர் நன்னீருக்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நன்னீர் இருக்கும் என்பது கைபன்–ஹெர்ஸ்பேர்க் விதி. அரை மீற்றர் பிழை 20 மீற்றர் ஆழத்தையே மாற்றிவிடும்.

கேள்வி: ஒரே பகுதிக் கிணறுகளுக்கு ஒரு கட்டுரை நைத்திரேற்று 10 என்கிறது, இன்னொன்று 44 என்கிறது. எதை என் மாதிரியுருவில் இடுவது?
வாசகர், சுன்னாகம்

பதில்: இரண்டும் ஒரே நீராக இருக்கலாம். ஒருவர் நைத்திரேற்றை முழுதாகவும் மற்றவர் அதிலுள்ள நைதரசனை மட்டும் எடுத்தும் எழுதியிருப்பார். நைத்திரேற்றின் நிறை 62, நைதரசனின் நிறை 14. ஆகவே நைதரசன் அளவை 4.43ஆல் பெருக்கினால் நைத்திரேற்று அளவு வரும். அட்டவணைத் தலைப்பில் விபரம் இல்லையென்றால், எந்த எல்லையோடு ஒப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை நைத்திரேற்றாக லீற்றருக்கு 50 மில்லிகிராம். நைதரசனாக ஏறத்தாழ 11. 10, 11 என்று ஒப்பிட்டிருந்தால் அது நைதரசன் கணக்கு. எடுத்த மாதத்தையும் பக்கத்தில் எழுதிவையுங்கள். மழைக்கு முன்னும் பின்னும் அளவு ஒன்றாக இராது.

கேள்வி: பணம் கட்டாமல் கட்டுரைகளை எடுக்க வழி உண்டா?
வாசகி, சாவகச்சேரி

பதில்: உண்டு. மொட்ஃப்லோ, சீவாட், சூட்ரா மூன்றின் கையேடுகளையும் அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் இலவசமாகத் தருகிறது. உள்நாட்டு இதழ்கள் பல 'ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன்' தளத்தில் திறந்தே கிடக்கின்றன. மற்றவற்றுக்குக் கட்டுரையாளருக்கே ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். தலைப்பையும் ஆண்டையும் குறிப்பிட்டு இரண்டு வரி போதும்.