ஐபிவி6: பின் தெருக் கதவையும் பாருங்கள்

கானாடுகாத்தான் வீட்டில் நாலு கேமரா. நான் இருப்பது சிங்கப்பூரில். ஐபிவி6 என்ற புது இணைய முகவரி முறை வந்தபின் ஒவ்வொன்றுக்கும் பொது முகவரியாமே, கண்டவர்கள் பார்ப்பார்களா அண்ணே?

ரவுட்டர் விட்டால் பார்க்கலாம். பழைய முறையான ஐபிவி4-ல் உலகத்துக்கே சுமார் 430 கோடி முகவரிதான். அதனால் வீட்டுக்கு ஒன்றை வைத்து, நாட் (முகவரி மாற்றம்) மூலம் ரவுட்டர் உள்ளே பங்கிட்டது. ஐபிவி6-க்கு 128 பிட், முகவரிக்குப் பஞ்சமில்லை, பங்கிட வேண்டியதில்லை. நம்ம பக்கத்துப் பெரிய வீடுகள் முன் தெருவில் தொடங்கிப் பின் தெருவில் முடியும். முகப்பை மட்டும் பூட்டினால் போதுமா? ரவுட்டரில் ஐபிவி6 ஃபயர்வால் தனியாக இருக்கும். வெளியிலிருந்து வரும் புது இணைப்புகளை அது மறுக்க வேண்டும். பிழைச் செய்திகளைக் கொண்டுவரும் ஐசிஎம்பிவி6-ஐ மட்டும் முழுக்க அடைக்காதீர்கள், சில தளங்கள் பாதியில் நின்றுவிடும்.

சோதிக்க: வீட்டில் இருப்பவர் வைஃபையை அணைத்து, ஐபிவி6 உள்ள மொபைல் டேட்டாவில், கேமராவின் 2-ல் தொடங்கும் முகவரியைச் சதுர அடைப்புக்குள் உலாவியில் தரட்டும். உள்நுழைவுப் பக்கம் வந்தால் கதவு திறந்திருக்கிறது. கருவிகள் தாங்களே ரவுட்டரில் வழி திறந்துகொள்ள விடும் யூபிஎன்பி-யையும் அணையுங்கள்.

தேவகோட்டை: முகவரியை வைத்து என் லேப்டாப்பைப் பின்தொடர முடியுமா?

முகவரியின் பின்பாதி நடுவில் 'எஃப்எஃப் எஃப்இ' தெரிந்தால் மேக் எண் (கருவியின் அடையாள எண்) அதிலேயே இருக்கிறது என்று பொருள். தற்காலிக முகவரியை இயக்குங்கள், வழக்கமாக நாளுக்கொன்று மாறும். முன்பாதி உங்கள் வீட்டுடையது, அது இதனால் மாறாது.

ஐபிவி6-ஐயே அணைத்துவிட்டால்?

வேண்டாம். ஃபயர்வாலைப் போடுங்கள்.

பள்ளத்தூர்: நாட் இருந்தவரை பயமில்லையே?

தம்பி, காத்தது முகவரி மாற்றம் இல்லை. உள்ளிருந்து யார் தொடங்கிய இணைப்பு என்று ரவுட்டர் வைத்திருக்கும் பட்டியல்தான் காத்தது. ஃபயர்வாலும் அதே பட்டியலைத்தான் வைக்கிறது. யூபிஎன்பி அந்த நாட்-இலேயே ஓட்டை போடும்.

ஒரு வீட்டுக்குள்ளேயே கோடானுகோடி முகவரி. யார் தேடிக் கண்டுபிடிப்பார்?

நல்ல வாதம். வரிசையாகத் தட்டிப் பார்ப்பது நடக்காதுதான். ஆனால் கேமரா பேசும் ஒவ்வொரு சர்வரும் அதன் முகவரியைப் பார்க்கிறது. மேக்கிலிருந்து செய்த முகவரி என்றால் ஊகிக்கவும் எளிது. மறைவை நம்பிப் பூட்டை விடாதீர்கள்.

ஐபிவி6-ஐ அணைக்கலாமா?

மேலே சொல்லியாயிற்று.

வைஃபை இரண்டாம் கட்டுக்கு வரவில்லை.

சுவர் கனம். கேபிள் இழுங்கள்.

அண்ணே, தம்பி சோதித்தான். இரண்டு கேமரா திறந்தது!

முதலில் ஃபயர்வால், உடனே. அடுத்து இரண்டிலும் கடவுச்சொல்லை மாற்றுங்கள். யூபிஎன்பி அணைத்தாயிற்றா? அப்புறம் ரவுட்டரில் வயர்கார்ட் என்ற விபிஎன் (பூட்டிய தனி வழி) போட்டு, சிங்கப்பூரிலிருந்து அது வழியாக மட்டும் பாருங்கள். மறுபடியும் மொபைலில் சோதித்துவிட்டுச் சொல்லுங்கள், காத்திருக்கிறேன்.