கரை தெரியாத ஒரு கிழமையை எப்படிக் கழிப்பது?

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். மேற்கு அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் வசிக்கும் அவருடைய மகன், வருகிற மார்ச் மாதத்தில் அந்நகரை அடுத்த பிறிமாண்டில் துறைமுகத்திலிருந்து மொறிஷியஸ் வழியாகக் கேப்டவுன் வரை செல்லும் பயணிகள் கப்பலில் பெற்றோருக்கு இடம் பதிந்திருக்கிறார். மகனும் மருமகளும் உடன் போகிறார்கள். பிறிமாண்டிலை விட்டால் மொறிஷியஸ் வரை ஏழு நாட்கள் கரையே கிடையாது. நில அளவையாளராக இருந்து ஓய்வுபெற்ற கணவரோ விடியற்காலையில் கடற்கரை நடை, பிறகு சந்தை, மாலையில் கோணேசர் கோவில் என்று திரிபவர். வீட்டில் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் இருக்கமாட்டார். "ஏழு நாளும் இவரை எப்படிச் சமாளிப்பது? எனக்கும் பொழுது போக ஒரு வழி சொல்லுங்கள்" என்று கேட்கிறார்.

பயணிகள் கப்பல்களில் நீண்ட காலம் வேலை செய்தவன் என்ற முறையில் முதலில் சொல்ல விரும்புவது, அந்த ஏழு நாட்களையும் நிரப்பிவிட முயலவேண்டாம் என்பதுதான். மறுநாளுக்குரிய நிகழ்ச்சிநிரல் ஒவ்வோர் இரவும் அறைக்கு வந்துவிடும். விரிவுரை, நடன வகுப்பு, பொது அறிவுப் போட்டி, சமையற் செய்முறை என்று காலை முதல் நள்ளிரவு வரை அதில் இடைவெளியே இராது. அவ்வளவுக்கும் ஓடித் திரிபவர்களே மூன்றாம் நான்காம் நாளில் களைத்து, சலித்து, "இனி என்ன இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். காலையில் ஒன்று, நண்பகலில் ஒன்று, மாலையில் ஒன்று என நேரம் தவறாத மூன்று காரியங்களை வைத்துக்கொண்டு, மற்றப் பொழுதை அதன்பாட்டில் விட்டுவிடுபவர்களுக்கு நாட்கள் பாரமாவதில்லை.

உங்கள் கணவருக்கான நண்பகல் காரியம் கப்பலிலேயே ஆயத்தமாக இருக்கிறது. பெரும்பாலான கப்பல்களில் நண்பகலை ஒட்டிக் கப்டன் ஒலிபெருக்கியில் கப்பல் நிற்கும் அகலாங்கு, நெட்டாங்கு, வேகம், கடலின் ஆழம், காற்றின் நிலை ஆகியவற்றை அறிவிப்பார். இந்து சமுத்திரத்தின் வெற்றுப் படம் ஒன்றைப் பெரிய தாளில் அச்சிட்டு எடுத்துச் சென்று, அந்தப் புள்ளியை அவர் நாள்தோறும் குறித்து வரட்டும். பிறிமாண்டிலுக்கும் மொறிஷியசுக்கும் இடையே ஏறத்தாழ 3,200 கடல் மைல் தூரம். ஒரு கடல் மைல் என்பது 1,852 மீற்றர். மணிக்கு 19 கடல் மைல் வேகத்தில் சென்றால் ஒரு நாளில் 456 கடல் மைல் கழியும், நெட்டாங்கில் எட்டுப் பாகைக்குச் சற்று மேல் நகர்ந்திருப்பீர்கள். நேற்றைய புள்ளிக்கும் இன்றைய புள்ளிக்கும் இடையிலான தூரத்தைக் கணக்கிட்டு, அறிவித்த வேகத்தோடு ஒத்துவருகிறதா என்று பார்ப்பது, வாழ்நாள் முழுவதும் நிலத்தை அளந்த ஒருவருக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாத வேலை. கோணமானியும் அளவுகோலும் மறக்காமல் பெட்டியில் போகட்டும்.

இதே கணக்குத்தான் உங்கள் மணிக்கூட்டையும் ஆட்டிவைக்கப் போகிறது. பேர்த் நேரத்துக்கும் மொறிஷியஸ் நேரத்துக்கும் நான்கு மணி வித்தியாசம். மேற்கு நோக்கிப் போவதால் அந்த ஏழு நாளில் நான்கு தடவை மணிக்கூட்டை ஒரு மணி பின்னுக்குத் தள்ளச் சொல்வார்கள். அந்த நாட்களுக்கு 25 மணி நேரம். கூடுதல் உறக்கம் என்று முதலில் மகிழ்ச்சியாக இருந்தாலும், அதிகாலையில் எழும் பழக்கமுள்ளவர் மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு உங்களையும் எழுப்புவார் என்பதை இப்போதே சொல்லிவைக்கிறேன். மாலையில் மேல்தளத்தில் ஒரு நடை நடந்து, படுக்கையை அரை மணி பிந்தப் போட்டால் ஓரளவு சரிவரும். கைத்தொலைபேசி நடுக்கடலில் தானாகச் சரியான நேரம் காட்டும் என்று நம்பவேண்டாம், கைக்கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள். ஊருக்குப் பேசுவதற்கும் இது தேவை: புறப்படும்போது இலங்கையைவிட இரண்டரை மணி முன்னே இருப்பீர்கள், மொறிஷியசில் ஒன்றரை மணி பின்னே.

காலை நடைக்கு, வெளித்தளத்தைச் சுற்றிவரும் பாதையே சிறந்தது. எத்தனை சுற்று ஒரு மைல் என்று பெரும்பாலும் சுவரிலேயே எழுதியிருக்கும். ஆனால் ஐந்து மணிக்குப் போகவேண்டாம்; அது குழாய்த் தண்ணீர் அடித்துத் தளம் கழுவும் நேரம். தண்ணீர் வடிந்த பின்னும் உப்பீரம் பலகையில் நிற்கும், வழுக்காத இறப்பர் அடிச் சப்பாத்து வேண்டும். நண்பகலில் சூரியன் உங்களுக்கு வடக்கே நிற்கும். கப்பல் மேற்கே போவதால் வெயில் வலப்பக்கத் தளத்திலும் நிழல் இடப்பக்கத்திலும் விழும். புத்தகம் வாசிக்க இடப்பக்கத்தில் நாற்காலி பிடியுங்கள். தென்கிழக்குக் காற்று பின்னாலிருந்து வீசும் நாட்களில் கப்பலின் வேகமும் காற்றின் வேகமும் ஏறக்குறையச் சமமாகி, தளத்தில் காற்றே இல்லாததுபோல் புழுங்கும். தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் அப்போதுதான் உதவும்.

கடலைப் பார்த்துக்கொண்டிருந்தால் திமிங்கிலம் தெரியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். திருகோணமலையில் கரைக்கு அண்மையிலேயே கடல் மிக ஆழமாக இறங்குவதால், உப்புவெளியிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் படகில் போனாலே நீலத் திமிங்கிலத்தைக் காணும் வாய்ப்பு நமக்கு உண்டு. நீங்கள் கடக்கப்போகும் நடுச்சமுத்திரம் அப்படிப்பட்டதன்று. ஊட்டம் குறைந்த நீர், அதனால்தான் அவ்வளவு நீலம். ஒரு பறவைகூடத் தென்படாத நாட்கள் இருக்கும். மொறிஷியசை நெருங்கும்போது கோலா மீன்கள் கப்பலோரத்தில் பறந்து விழுவதைப் பார்க்கலாம். நீண்ட வாலுள்ள வெண்பறவை ஒன்று தலைக்கு மேல் வரவும் கூடும். எயார் மொறிஷியஸ் விமானத்தின் வாலில் வரைந்திருப்பது அந்தப் பறவையைத்தான்.

பகலைவிட இரவுதான் வளமானது. புறப்படுமுன் ஓர் இரவு உப்புவெளிக் கடற்கரையில் நின்று, கையை நீட்டி விரல்களை முட்டியாக மடக்கிப் பிடித்துப் பாருங்கள்: முட்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை, நமது துருவ நட்சத்திரம் வடக்கே அதற்கும் குறைந்த உயரத்தில் இருக்கும். கப்பலில் அது அறவே தெரியாது. நம் வானில் தெற்கே இரண்டு முட்டி உயரத்துக்கு மேல் ஏறாத தென்சிலுவை, அங்கே மார்ச் மாத நள்ளிரவை அண்டி ஐந்து முட்டிக்கும் மேலே நிற்கும். கப்பலைச் செலுத்துவோரின் கண்ணில் ஒளி படாதிருக்க முன்பக்கத் தளங்களை இருட்டாக வைத்திருப்பார்கள். அனுமதி உள்ள தளம் எதுவென்று கேட்டு அங்கே போங்கள்.

உள்ளே இருப்பவற்றைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சூதாட்டக்கூடமும் வரியில்லாக் கடைகளும் பெரும்பாலும் துறைமுகத்தில் மூடியிருந்து நடுக்கடலில் திறப்பவை. பொழுது போகாதவரின் பணம் அங்கேதான் போகும். கப்பல் நூலகத்தில் தமிழ்ப் புத்தகம் கிடைக்காது, ஆகவே 'நூலகம்' என்ற பெயருள்ள நிறுவனத்தின் இணையத்தளத்திலிருந்து வேண்டிய ஈழத்து நூல்களைப் புறப்படுமுன் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். கப்பலில் இணையம் தனிக் கட்டணம். அதை வாங்காவிட்டாலும் கைத்தொலைபேசியைப் பிளைட் மோடில் போடுங்கள், இல்லையேல் கப்பலின் தொலைபேசி வலையில் தானாகத் தொற்றிப் பெருந்தொகைக்குக் கணக்கு வரும். நால்வர் இருப்பதால் இரண்டு கட்டு சீட்டு எடுத்துச் செல்லுங்கள். 304 விளையாடத் தொடங்கினால் இரவுச் சாப்பாட்டுக்கு அழைக்கவேண்டியிருக்கும்.

மார்ச்சில் வாடை ஓய்ந்து நமது கடல் அமைதியாக இருக்கும். அதை வைத்து அந்தக் கடலை மதிப்பிடக் கூடாது. தெற்கே வெகுதொலைவில் எழும் புயல்களின் அலை அங்கே வந்து சேர்வதால், பிறிமாண்டிலை விட்ட முதல் இரண்டு நாட்கள் கப்பல் மெல்ல உருளக்கூடும். அறையைக் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேளுங்கள். தலைச்சுற்றுக் குளிசையைக் குமட்டல் தொடங்குமுன் போடவேண்டும். உங்கள் கணவர் வேறு மருந்து எடுப்பவரானால் உங்கள் வைத்தியரிடம் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஏழு நாளும் அவரோடு ஒட்டிக்கொண்டு திரியவேண்டாம். அவர் நடக்கட்டும், நீங்கள் விரிவுரைக்குப் போங்கள். மாலை நாலு மணிக்குத் தேநீர் மேசையில் சந்திப்பது என்று இருவரும் பேசிக்கொள்ளுங்கள். அந்த மேசை எந்தத் தளத்தில், கப்பலின் எந்தப் பக்கத்தில் என்பதை முதல் நாளே அவருக்குக் காட்டிவையுங்கள். இணையம் வாங்காத கைத்தொலைபேசியால் பன்னிரண்டு தளமுள்ள கப்பலில் ஒருவரைத் தேடிப்பிடிக்க முடியாது.